சக்கரம் பேசட்டும்!

(இளங்கலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுநேரக் கார்ப் பந்தயம் நடந்ததிலிருந்து, என் நண்பர் வட்டத்தில் பந்தயப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. உண்மைக் காருக்கு வழியில்லாதவர்கள் கணினித் திரையின் முன் ஸ்டியரிங் பூட்டி ஓட்டுகின்றனர். அந்த ஸ்டியரிங்கினுள் ஒரு மோட்டார் உண்டு. சாலையும் டயரும் தரும் எதிர்விசையை அது நம் கைக்கு உணர்த்தும். இதனையே ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பர். நண்பர்களோ, "கனமாக இருந்தால்தான் நிஜம்" என்று விசையை நூற்றுக்கு நூறு வைக்கின்றனர். அது பெரும் தவறு என்பது என் துணிபு.

என் தாய்மாமா கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர். கம்பம்மெட்டு மலைச்சாலை அவருக்குக் கைரேகை போல. தீபாவளி விடுமுறையில் என் பெரியப்பா மகன் வீட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இரண்டு சுற்று ஓட்டினார். பிறகு கையை உதறிக்கொண்டே, "என்ன மாப்ளே, இது மல்லுக்கட்டுது; ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே!" என்றார்.

எவ்வளவு பெரிய உண்மை! வண்டி திரும்பும்போது சாலை தரும் பக்கவாட்டு விசை, டயர் தரையைத் தொடும் பகுதியின் நடுவில் அன்று, சற்றுப் பின்னால் செயல்படுகிறது. அந்தச் சிறு தூரமே சக்கரத்தை நேராக்க முயலும் திருப்புவிசையைத் தருகிறது. டயர் வழுக்கும் எல்லையை நெருங்க நெருங்க அத்தூரம் குறையும், ஸ்டியரிங் லேசாகும். மழைநாளில், பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய ஜீப்பில், "இனி தாங்காது" என்று மாமாவின் கைக்குச் சொல்வது அந்த லேசுதான். ஆகவே, கனத்தைவிடக் கனம் குறைவதே முக்கியமான செய்தி அன்றோ?

இனி இயந்திரத்துக்கு வருவோம். பலரிடமுள்ள லாஜிடெக் ஜி29 தரும் விசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர்தான். மோட்டாரால் இயன்றதற்கு மேல் விளையாட்டு கேட்டால், பெரிய விசையும் மிகப்பெரிய விசையும் கைக்கு ஒன்றாகவே தெரியும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். வீரபாண்டித் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியை முழுவதும் திருகிவிட்டால் நாதசுரம் கேட்குமா? இரைச்சல்தான் கேட்கும்!

செய்ய வேண்டியது எளிது. முதலில், ஸ்டியரிங் சுழலும் கோணத்தைக் காருக்கு ஒப்ப அமையுங்கள். ஜி29 மொத்தம் 900 பாகை சுழலும். மையத்துக்கு இழுக்கும் செயற்கை ஸ்பிரிங் விசையை நிறுத்துங்கள். அது டயரின் குரல் அன்று. பின்னர் வேகமான நீண்ட வளைவொன்றில் ஓட்டிப் பாருங்கள். அசெட்டோ கோர்ஸா போன்ற விளையாட்டில் விசைப்பட்டை சிவந்தால் கிளிப்பிங் என்று பொருள். அது எப்போதாவது மட்டும் சிவக்கும்வரை விசையைக் குறையுங்கள். பல்சக்கர வகையில் உராய்வு சிறு விசைகளை விழுங்கிவிடும். அதற்குக் குறைந்தபட்ச விசையைச் சிறிதளவு கூட்டலாம்.

"பந்தயக் காரின் ஸ்டியரிங் கனமானதுதானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 8 நியூட்டன் மீட்டர் தரும் நேரடி மோட்டார் வகை வைத்திருப்பவர் கனத்தைக் கூட்டட்டும். ஆயினும் உச்சியில் சிறிது இடம் விட்டே வைக்கவேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.

இது வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவதற்கில்லை. 2011இல் விளையாட்டுப் போட்டியில் வென்று பந்தய வீரரான ஜான் மார்டன்பரோ, 2013இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியில் ஓட்டினார். நம் கதை வேறு. இன்று திரையில் ஓட்டும் கை, நாளை போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப்போகிறது. திரை நமக்குப் பள்ளத்தின் அச்சத்தைத் தராது. இருக்கையின் அசைவையும் தராது. கைக்கு வரும் செய்தி ஒன்றையே தருகிறது. அதையும் கெடுத்துக்கொண்டால், கற்பது சக்கரத்தோடு மல்லுக்கட்டத்தான். மலைச்சாலையில் அந்தப் பாடம் உதவாது.

நண்பர்களே, விசையைக் குறையுங்கள். சக்கரம் பேசட்டும், நாம் கேட்போம்!