எலுமிச்சைச் சாற்றில் எழுதிய கடிதங்கள்



செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். அன்னை தெரசாவின் நினைவு நாளும் அன்றுதான். கல்கத்தா சேரிகளில் அவர் செய்த பணி ஊரறிந்தது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் அதே நகரின் என்டாலி பகுதியில் உள்ள செயின்ட் மேரீஸ் பள்ளியில் பாடம் நடத்திய டீச்சர் அவர். 1944-இல் அங்கேயே தலைமையாசிரியை ஆனவர். இதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1928-இல் அவர் சேர்ந்தது லொரேட்டோ கன்னியர் சபை. அந்தச் சபைக்கு வேர் மேரி வார்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. நம் வாசகர்கள் அவரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1585-இல் யார்க்ஷயரில் பிறந்தவர் மேரி வார்ட். கத்தோலிக்கர்கள் ஒளிந்து பூசை கண்ட காலம் அது. கடல் கடந்து, இன்று பிரான்சில் உள்ள செயின்ட் ஓமருக்குப் போய், 1609 வாக்கில் சில தோழியரோடு பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். விடுதிப் பிள்ளைகளோடு உள்ளூர்ச் சிறுமிகளும் படித்தார்கள். இதில் சிக்கல் என்ன என்று நமக்குத் தோன்றும். அன்றைய திருச்சபைச் சட்டப்படி துறவறப் பெண்கள் மடத்து மதிலைத் தாண்டக் கூடாது. மேரி வார்டோ, இயேசு சபைக் குருக்கள் எப்படி ஊர் ஊராகப் போய்க் கற்பிக்கிறார்களோ அப்படியே நாங்களும் போவோம், எங்களை எங்களில் ஒருத்தியே தலைவியாக இருந்து நடத்துவாள் என்றார். 'என்ன இருந்தாலும் பெண்கள்தானே, இந்த வேகம் சீக்கிரம் தணிந்துவிடும்' என்று ஒரு குரு சொன்னது 1617-இல் அவர் காதுக்கு எட்டியது. பெண் என்பதால் ஆர்வம் தணியாது, வருங்காலத்தில் பெண்கள் பெரிய காரியங்கள் செய்வார்கள் என்று தம் சகோதரிகளுக்கு அவர் எடுத்துச் சொன்னார்.

தம் சபைக்கு ஒப்புதல் கேட்க ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நடந்தே ரோமுக்குப் போனார். 1621 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தார். திருத்தந்தையின் கண்ணெதிரிலேயே பள்ளி திறந்தார். 1625-இல் அதை மூடச் சொன்னார்கள். 1631-இல் திருத்தந்தை எட்டாம் உர்பன் சபையையே கலைத்தார். மேரி வார்டை, திருச்சபைக்கு எதிரி என்று குற்றம் சாட்டி, முனிக் நகரில் ஒரு மடத்து அறையில் அடைத்தார்கள். உடல்நலம் குன்றிய நிலையிலும், தமக்கு வந்த பொருட்களைச் சுற்றியிருந்த தாள்களில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு எழுதி அனுப்பினார். வெளியே இருந்த சகோதரிகள் அந்தத் தாளைத் தீயில் காட்டினால் எழுத்து பழுப்பாகத் தெரியும். சிறையிலிருந்தபடியே அவர் சபையை நடத்தினார் என்றே சொல்ல வேண்டும். சுமார் இரண்டு மாதத்தில் விடுதலை கிடைத்தது. 1645-இல் யார்க் அருகே காலமானார்.

ஆனாலும் பள்ளிப் பணி முற்றிலும் நின்றுவிடவில்லை. அவர் வழி வந்த பெண்கள் தங்கள் விதிமுறைக்கு ஒப்புதல் பெற்றது 1703-இல். ஆனால் மேரி வார்டைத் தங்கள் நிறுவனர் என்று சொல்லிக்கொள்ள 1749-இல் தடை வந்தது. அந்தத் தடை நீங்க 1909 ஆயிற்று. தங்களைப் பெற்றெடுத்தவளின் பெயரை 160 ஆண்டுகள் வெளியே சொல்ல முடியாமலேயே அந்தச் சகோதரிகள் வகுப்பெடுத்தார்கள். எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். 2009-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

அந்த மரபில் வந்த லொரேட்டோ கன்னியர் அயர்லாந்திலிருந்து கப்பலேறி 1841 டிசம்பர் கடைசியில் கல்கத்தாவில் இறங்கினார்கள். கணக்கு எழுதுவது, கட்டடம் எழுப்புவது, விடுதி நடத்துவது, அரசாங்கத்தோடு பேசுவது எல்லாம் அவர்களே. பள்ளிக்குத் தலைமை ஒரு பெண் என்பதை நம் நாட்டுச் சிறுமிகள் பலர் முதன்முதலில் கண்டது இத்தகைய கன்னியர் பள்ளிகளில்தான். பிற்காலத்தில் கல்கத்தாவின் சியால்டா லொரேட்டோ பள்ளியின் தலைமையாசிரியையாக 1979-இல் பொறுப்பேற்ற சிஸ்டர் சிரில் மூனி, நடைபாதைச் சிறுமிகளைப் பள்ளிக்குள் சேர்த்து, மொட்டை மாடியில் தங்க இடம் கொடுத்தார். பள்ளி மாணவிகளே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு நேரம் ஒதுக்கி, அதைப் பள்ளிப் பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார் சிஸ்டர் சிரில். 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் ஊர்களிலும் கன்னியர் பள்ளிகளில் படித்தவர்கள் ஏராளம். பிரம்பையும் கண்டிப்பையும் நினைவு வைத்திருக்கிறோம். அந்தப் பெண்கள் என்ன கற்றுக்கொடுத்தார்கள், எப்படி ஒரு பள்ளியைக் கட்டி நிறுத்தினார்கள் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. உங்களுக்குப் பாடம் நடத்திய ஒரு சிஸ்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அவர் இன்னும் இருக்கிறார் என்றால், முதலில் அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்