அன்பளிப்புப் பிரதி எனும் அநீதி

சென்ற ஆண்டு வில்லியனூர் லூர்து அன்னையின் பெருவிழாவுக்குச் சில நாள்களுக்கு முன், கரிக்கலாம்பாக்கம் கடைத்தெருவில் ஒரு பழைய காகிதக் கடையின் முன் நின்றுகொண்டிருந்தேன். பங்கு இல்லத்தைத் தூய்மை செய்தபோது சேர்ந்த நாளிதழ்களைப் போடவந்த பணியாளருடன் நானும் சென்றிருந்தேன். தராசில் ஏறிய கட்டின் மேல் ஒரு புத்தகம் கிடந்தது. அட்டையைத் திருப்பினேன். "வணக்கத்திற்குரிய தந்தை அவர்களுக்கு, பணிவன்புடன்" என நீல மையில் எழுதி, கையொப்பமும் தேதியும் இடப்பட்டிருந்தன. அந்தத் தந்தை நானே. அந்நூலுக்கு அணிந்துரை வழங்கியவனும் நானே.

எழுதியவர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். பாகூர் ஏரிப் பாசனத்தை நம்பிய சிற்றூர்களில் மதகு, வாய்க்கால், நடவு, களத்துமேடு ஆகியவற்றைச் சுற்றி வழங்கும் சொற்களைப் பல ஆண்டுகள் திரட்டியவர். பதிப்பகங்கள் பதில் எழுதவில்லை. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் 300 பிரதிகளைத் தாமே அச்சிட்டார். அணிந்துரை எழுதுவதற்காக இரண்டு இயல்களை மட்டும் புரட்டினேன். "இந்நூல் தமிழுலகிற்கு ஓர் அருங்கொடை" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அருங்கொடைக்கு ஒரு ரூபாயும் நான் கொடுக்கவில்லை. அன்று கடைக்காரரிடம் கிலோ விலை கொடுத்து அதை மீட்டுவந்தேன். அந்நூலுக்காக நான் செலவிட்ட முதல் பணம் அதுதான்!

இது என் ஒருவனது குற்றமன்று. நம் சமூகத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. தாமே எழுதித் தாமே அச்சிட்டு, தாமே தோளில் சுமந்து விற்க முயலும் எழுத்தாளரை நாம் எப்படி நடத்துகிறோம்? வெளியீட்டு விழா என்கிறோம். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, தேநீர் எல்லாம் அவர் செலவு. மேடையில் அமர்ந்த எங்களுக்குப் போர்த்தும் பொன்னாடையும் அவர் காசில் வாங்கியதே. முதற்பிரதியை ஒருவர் பெற்றுக்கொள்ள, அடுத்த பிரதிகளை வரிசையாகப் பலர் 'பெற்றுக்கொள்கிறார்கள்'. பெற்றுக்கொள்வது என்ற சொல்லுக்கு வாங்குவது என்று ஒரு காலத்தில் பொருள் இருந்திருக்க வேண்டும். இன்று கைநீட்டுவது என்றே பொருள். புகைப்படம் எடுத்தானதும் கூட்டம் கலைகிறது. வாசலில் மேசைமேல் நூல்கள் அடுக்கியபடியே இருக்கின்றன. "எனக்கு ஒரு காப்பி கிடையாதா ஐயா?" என்று உரிமையோடு கேட்பவர்கள், அதே ஐயா தம் வயலில் விளைந்த நெல்லில் ஒரு மூட்டையை இப்படிக் கேட்பார்களா?

கணக்கை ஓர் எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 90 ரூபாய். 300 பிரதிக்கு 27,000 ரூபாய். விலை 150 என்று போடுகிறார். கடையில் வைத்தால் நூற்றுக்கு நாற்பது கழிவு கேட்கிறார்கள். கைக்கு வருவது 90. ஆக, எல்லாப் பிரதிகளும் கடைவழி விற்றால்தான் முதல் மட்டும் மீளும். நூறு பிரதிகளை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டால் 9,000 ரூபாய் நட்டம். கடைக்காரர் பணத்தை எப்போது தருவார் என்பது தனிக்கதை. அவரும் வாடகை கட்டுகிறவரே. அவரை நான் குறைசொல்லவில்லை. அஞ்சலில் அனுப்பலாம் என்றால், நெடுங்காலம் கைகொடுத்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' என்ற சேவை வந்துள்ளது. 300 கிராம் வரை 20 ரூபாய். நல்லதே. ஆனால் அனுப்புவதற்கு முதலில் ஒருவர் கேட்க வேண்டுமே!

நம் மண்ணுக்கு இது அழகா? பாகூர் செப்பேடுகள் என்ன கூறுகின்றன? 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டன. படிப்பவரும் படிப்பிப்பவரும் சோற்றுக்கு அலையக்கூடாது என்று மூன்று ஊர்களை எழுதிவைத்த அதே வட்டாரத்தில்தான், 150 ரூபாய் நூலை இலவசமாகக் கேட்கிறோம்.

கத்தோலிக்கர்களாகிய நமக்கு இதில் கூடுதல் கடன் உண்டு. வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றியது 1726-இல். அது முதன்முதல் அச்சேறியது புதுச்சேரி மிஷன் அச்சகத்தில், 1851-இல். ஒன்றேகால் நூற்றாண்டு அது ஓலையிலும் கைப்படியிலும் காத்துக்கிடந்தது. இன்று அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பெயரை உச்சரிக்காத கத்தோலிக்க இலக்கியக் கூட்டமே இல்லை. 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட அவர் முன்சீப்பாகப் பணியாற்றியவர். உணவுக்கு எழுத்தை நம்ப வேண்டிய நிலை அவருக்கு இல்லை. எல்லா எழுத்தாளரும் முன்சீப்பாக இருக்க முடியுமா? மறைந்தவர்க்கு மண்டபமும், உயிரோடு இருப்பவர்க்குக் கைதட்டலும் என்பது என்ன நீதி? தொழிலாளியின் நியாயமான கூலி குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் திருமடல் எழுதினார். அதை மேற்கோள் காட்டி மறையுரை ஆற்றும் எங்களுக்கு, எழுதுவதும் உழைப்பே என்பது ஏன் தோன்றுவதில்லை?

புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியாரை எண்ணிப் பாருங்கள். 1920-இல், தம் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட எண்ணி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். கூடி நான்கு லட்சம் பிரதிகள்! மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட எளிதாக அவை விலைபோகும் என்று நம்பினார். தானமாக ஒன்றும் கேட்கவில்லை. வட்டியோடு திருப்பித் தருவதாகவே கடன் கேட்டார். வேண்டிய பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். 1949-இல் அரசே அவர் நூல்களின் உரிமையை வாங்கிப் பொதுவாக்கியது. அவர் போட்ட கணக்கை அன்று கனவு என்றுதான் பலர் கருதியிருப்பார்கள். மக்கள் வாங்குவார்கள் என்ற அவரது மதிப்பீடு பின்னர் சரியாகவே போயிற்று. தவறியவர்கள் அன்று கைகொடுக்காதவர்களே.

"தரமான நூலென்றால் தானே விற்கும்" என்பார் உளர். வாங்காமல், படிக்காமல் தரத்தை எப்படி அறிந்தீர்கள்? எனினும் எழுத்தாளர்களிடமும் ஒரு சொல் உண்டு. பிழை திருத்தாமல் அச்சுக்குக் கொடுப்பதும், முதல் பதினாறு பக்கங்களை வாழ்த்துரைகளாலும் படங்களாலும் நிரப்புவதும் வாசகரை விரட்டும் வழிகள். என்போன்றோரின் அணிந்துரையால் ஒரு பிரதிகூட விற்றதில்லை. அந்தத் தாளை மிச்சப்படுத்துங்கள். "மக்களிடம் பணம் இல்லை" என்ற மறுமொழியை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். திருவிழாக் கணக்கை எழுதுகிறவன் நான். மின்விளக்கு அலங்காரத்திற்கும், நான்கு நாளில் கிழியும் பிளெக்ஸ் பதாகைக்கும் எவ்வளவு போகிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு பதாகையில் சிரிக்கும் முகங்களின் எண்ணிக்கைக்கு ஒரு நூல் வாங்கியிருந்தாலே, ஆசிரியரின் கட்டுகளில் பாதி காலியாகியிருக்கும்.

வழி புதியதன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கல்லூரி ஆசிரியர் ஊதியத்தை மட்டும் நம்பி அச்சில் இறங்கவில்லை; நூல் வெளிவருமுன்பே பலரிடம் கையொப்பம் வாங்கினார். இன்னார் இத்தனை பிரதி வாங்குவோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதே கையொப்பம். ஒரு பங்கில் ஐம்பது குடும்பங்கள் ஆண்டுக்கு இரண்டு நூல்களுக்கு இப்படிக் கையொப்பமிட்டால் போதும். அச்சகத்தாருக்கு முன்பணம் கிடைக்கும். எழுத்தாளர் மனைவியின் நகையை அடகு வைக்க வேண்டியிராது. நூல் மறைநூலாகவோ பக்தி நூலாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. ஏரி மதகின் பெயரும் நாம் காக்க வேண்டிய செல்வமே. அருட்பணியாளர்களும் துறவியரும் இனி அன்பளிப்புப் பிரதியைக் கையால் தொடுவதில்லை என்று முடிவுசெய்யட்டும். முதலில் எங்களிடமிருந்தே இது தொடங்க வேண்டும்.

ஆசிரியரின் வீட்டிற்குச் சென்றேன். பழைய காகிதக் கடையில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், கோபித்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். "படிச்சீங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார். மீட்டுவந்த பிரதியை அந்த வாரமே படித்து முடித்திருந்தேன். 'மடை' என்ற சொல்லுக்கு அவர் எழுதியிருந்த நான்கு பக்கங்களைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினோம். நெல் குதிருக்குப் பின்னால் 140 பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் இருக்கின்றன. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின் எங்கள் கோயில் வாசலில் மேசை போடப்படும். விலை 150 ரூபாய்; கழிவு கிடையாது. அணிந்துரை எழுதியவனும் பணத்தோடு வரிசையில் நிற்பான்.