சந்தா கட்டியாயிற்று, கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?

புதுதில்லி: ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தமது தலைப்புக்குத் தேவையான கட்டுரையைக் கணினியில் தேடுகிறார். தலைப்பு கிடைக்கிறது, ஆசிரியர் பெயர் கிடைக்கிறது, பத்து வரிச் சுருக்கமும் கிடைக்கிறது. முழுக் கட்டுரையைத் திறக்க முயலும்போது 30 முதல் 40 டாலர் வரை கட்டணம் கேட்கிறது வெளிநாட்டுப் பதிப்பகம். ஒரே ஒரு கட்டுரைக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய். ஓர் ஆய்வேட்டுக்கு நூறு கட்டுரைகளாவது படிக்க வேண்டியவர் என்ன செய்வார்? அவர் பயிலும் பல்கலைக்கழகத்தின் நூலகம் அந்த இதழுக்குச் சந்தா கட்டியிருந்தால் பிழைத்தார். இல்லையேல், சுருக்கத்தைப் படித்துவிட்டு முழுவதையும் படித்ததாகப் பாவனை செய்ய வேண்டியதுதான்.

இந்த ஏற்றத்தாழ்வைக் களையும் நோக்குடன்தான் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பர் 25-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

தில்லியின் ஐ.ஐ.டி.க்கும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கும் கிடைத்துவந்த இதழ்கள், மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசுக் கல்லூரிக்கும் கிடைக்கும் என்பது சிறிய செய்தி அல்ல. தனித்தனியே பேரம் பேசி வந்த நிறுவனங்களுக்காக நாடே ஒன்றாகப் பேரம் பேசியதும் வரவேற்கத்தக்கதே. ஆனால், பாராட்டு முடியும் இடத்தில் கேள்வி தொடங்குகிறது.

2020-ஆம் ஆண்டு இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவியல், தொழில்நுட்பக் கொள்கை வரைவில் இத்திட்டம் முதலில் இடம்பெற்றபோது, அதன் பயன் இந்தியாவில் உள்ள ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் என்றுதான் சொல்லப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அந்த 'ஒவ்வொருவர்' சுருங்கிச் சுருங்கி, அரசு நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் என்றாகிவிட்டது. நாட்டின் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் நிர்வாகத்தில் இருப்பவை. அவற்றில் படிப்போர் அனைவரும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் கடன் வாங்கிச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. முதற்கட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. பணி ஓய்வு பெற்ற பேராசிரியர், பத்திரிகையாளர், தொழிற்சங்க ஆய்வாளர், கிராம மருத்துவர் ஆகியோருக்கும் இல்லை. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய சந்தாவுக்கு 'ஒரே நாடு' என்று பெயர் சூட்டிவிட்டு, நாட்டின் பெரும்பகுதியை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய் என்பதை 1.8 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்குச் சுமார் 1,100 ரூபாய் வருகிறது. கேட்கச் சிறிய தொகைதான். ஆனால், அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர் அரசு ஊதியத்தில், அரசு நிதியில் ஆய்வு செய்கிறார். கட்டுரையை எழுதி இதழுக்கு இலவசமாகத் தருகிறார். அதை மதிப்பிடும் சக ஆய்வாளரும் பெரும்பாலும் ஊதியமின்றியே அப்பணியைச் செய்கிறார். முடிவில் அதே கட்டுரையை அரசு விலை கொடுத்து வாங்குகிறது. பசுவும் வைக்கோலும் நம்முடையவை, பாலுக்கு மட்டும் விலை என்ற கதைதான் இது.

நூல் மதிப்புரைகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. கல்விப்புல நூல் ஒன்று இன்று பல ஆயிரம் ரூபாய் விலையில் வருகிறது. அதை வாங்கலாமா, எந்த அத்தியாயத்தைப் படிக்கலாம், அதன் வாதத்தை யார் மறுத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் சிறிய ஊரின் மாணவருக்கு இரண்டு பக்கத்தில் சொல்லித் தருவது மதிப்புரைதான். தில்லியிலிருந்து 1976 முதல் வரும் 'தி புக் ரிவியூ', மும்பையிலிருந்து 1966 முதல் வரும் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' போன்ற இதழ்கள் ஒரு தலைமுறையின் வாசிப்பையே வழிநடத்தியவை. நூலையே வாங்க இயலாதவர் அதன் மதிப்புரைக்கும் கட்டணம் செலுத்த வேண்டும் என்றால், அறிவுலக விவாதம் ஒரு சில வளாகங்களுக்குள் அடங்கிவிடும்.

இந்த வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் இரு முறை வெவ்வேறு கோலத்தில் சந்தித்துள்ளது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்று பாடநூல் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துத் தந்ததற்காக ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. கல்விப் பயன்பாட்டுக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே விலக்கு அளித்திருப்பதைச் சுட்டி, 2016 செப்டம்பரில் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டுக்குப் பின், 2017-இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன.

இரண்டாவது வழக்கு 2020 டிசம்பரில் வந்தது. கட்டண வேலியைத் தாண்டிக் கட்டுரைகளை இலவசமாகத் தந்துவந்த 'சை-ஹப்' தளத்துக்கு எதிராக எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகியவை தொடுத்த வழக்கு அது. 2025 ஆகஸ்டில் அத்தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவு பிறந்தது. சட்டத்தை மீறிய தளத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆயினும், பின்வாசலை அடைக்கும் அரசு, முன்வாசலை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டாமா?

எல்லோருக்கும் திறப்பது முடியாத காரியமன்று. அதே இன்ஃப்ளிப்நெட் நடத்தும் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் உள்ளன. கடவுச்சொல் இல்லை, கட்டணம் இல்லை, யாரும் படிக்கலாம். தங்கள் நிதியுதவியில் நடந்த ஆய்வின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல், தொழில்நுட்பத் துறையும் 2014-லேயே கொள்கை வகுத்துள்ளன. அக்கொள்கை ஏட்டில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை என்பதே குறை.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. 13,000 இதழ்களைத் திறந்துவிட்டால் போதாது. அவற்றுள் தனக்கு வேண்டியதைத் தேடக் கற்றுத்தர ஆள் வேண்டும். எந்தச் சொல்லை இட்டுத் தேடுவது, மதிப்புரையைக் கட்டுரையிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது, போலி இதழை எப்படி இனங்காண்பது என்பதையெல்லாம் கற்பிப்பவர் நூலகர். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நூலகவியல் கல்வியை வளர்த்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளின் சாரமும் இதுவே. நூல் பயன்பாட்டுக்கானது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். பதிப்பகங்களுக்கு ஆயிரம் கோடிகளை அள்ளித் தரும் அரசு, நூலகர் பணியிடங்களை நிரப்பக் கணக்குப் பார்ப்பது அவ்விதிகளுக்கு முரணானது.

முதற்கட்ட ஒப்பந்தம் 2027-உடன் நிறைவடைகிறது. அடுத்த பேரத்தில் மேசைக்கு முன் அமரும்போது மத்திய அரசு மூன்றை வலியுறுத்த வேண்டும். தனியார் கல்லூரி மாணவர்களும், மாவட்டப் பொது நூலகங்களுக்கு வரும் எளிய வாசகர்களும் சந்தாவின் பயனைப் பெற வேண்டும். பொதுப்பணத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் வேலியின்றி வெளிவர வேண்டும். கல்லூரிதோறும் பயிற்சி பெற்ற நூலகர் இருக்க வேண்டும். 2020-இல் தானே எழுதிய வாக்குறுதியைத்தான் அரசிடம் நாடு திரும்பக் கேட்கிறது. புதிதாக எதையும் அல்ல.