போர்டுல பேர் போட்டா படிப்பு ஏறுமா?

ராஜகீழ்ப்பாக்கம் ரூம்ல நாங்க நாலு பேர். மூணு பாய், ஒரு ஃபேன், ஒரே ஒரு உருப்படியான கால்குலேட்டர். நாலு பேர்ல ஒருத்தன் மட்டும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். ப்ளஸ் டூ கணக்குல எங்க எல்லாரையும் விட மார்க் அதிகம் வாங்கினவன் அவன்தான்!

ஃபர்ஸ்ட் இயர் எம்-1 க்ளாஸ்ல 'டிடர்மினன்ட்', 'டெரிவேட்டிவ்'னு சார் எக்ஸ்பிரஸ் வேகத்துல போவார். இவன் பேந்தப் பேந்த முழிப்பான். அது ஸ்கூல்ல போட்டுத் தள்ளின அணிக்கோவைதான், வகைக்கெழுதான்னு அவனுக்கு யாரும் சொல்லலை. முதல் இன்டர்னல்ஸ்ல அவுட். மறுநாளே நோட்டீஸ் போர்டுல 'ஸ்லோ லேர்னர்ஸ்'னு ஒரு லிஸ்ட். அதுல இவன் பேரு. "டேய், ஃபேமஸ் ஆயிட்டடா!"னு முதல்ல கலாய்ச்சது சாட்சாத் நான்தான்.

சாயங்கால ஸ்பெஷல் க்ளாஸுக்கு ஒருநாள் போனான். அடுத்த நாள்ல இருந்து கேம்ப் ரோட்டுல ஷேர் ஆட்டோ ஏறி ரூமுக்கு எஸ்கேப். "அந்த ரூமுக்குள்ள போறப்ப எல்லாரும் பார்க்குறாங்க மச்சி"ன்னான். செமஸ்டர் ரிசல்ட்? எம்-1 அரியர்.

காலேஜைத் திட்டுறதுக்கு முன்னால ஒரு விஷயம். மெதுவா படிக்கிறவங்களுக்கு என்ன ஸ்பெஷலா செய்றீங்கன்னு 'நாக்' மதிப்பீட்டுலயே கேள்வி இருந்தது. நல்ல கேள்விதான். லிஸ்ட் ஒட்டுறதுதான் பதிலான்னு கேட்டா, இல்லை பாஸ்!

இதுக்கு 1973-லயே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவுல மிசௌரி பல்கலைக்கழகத்தோட கன்சாஸ் சிட்டி வளாகத்துல டியானா மார்ட்டின்னு ஒரு மேடம். அவங்க யார் மக்குன்னு தேடலை. எந்த பேப்பர்ல நிறைய பேர் கவுந்து விழறாங்கன்னு பார்த்தாங்க. அந்த பேப்பரை நல்லா பாஸ் பண்ணின சீனியரைக் கூப்பிட்டு, ஜூனியர்களோட அதே க்ளாஸ்ல மறுபடி உட்கார வெச்சாங்க. க்ளாஸ் முடிஞ்சதும் தனியா ஒரு செஷன். சீனியர் அங்க லெக்சர் அடிக்கக் கூடாது. ஜூனியர்களைப் பேச வெச்சு அவங்களையே கண்டுபிடிக்க வைக்கணும். யாரு வேணா வரலாம், கட்டாயம் இல்லை. டாப்பரும் பக்கத்துல வந்து உட்காருவான். அப்புறம் யாரு 'ஸ்லோ'ன்னு யாருக்குத் தெரியும்?

இது நமக்கு இப்ப ரொம்பத் தேவை. 2021-ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங்லயும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணமும் அரசே ஏத்துக்கும்னு அறிவிச்சாங்க. சீட் ரெடி, ஃபீஸ் ரெடி. ஆனா முதல் நாள் க்ளாஸ்ல குறுக்க நிக்கிற இங்கிலீஷை எந்த ஜி.ஓ. தாண்ட வைக்கும்? அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல சிவில், மெக்கானிக்கலைத் தமிழ்லயும் ஆரம்பிச்சது. மத்த பிராஞ்ச் எடுத்தவனுக்கு? என்.பி.டி.இ.எல். வீடியோவுல ஐ.ஐ.டி. புரொபஸரே பாடம் எடுப்பார். ஆனா "எனக்கு இந்த லைன்லயே புரியலை"ன்னு சொல்ல எதிர்ல ஒரு ஆள் வேணுமே!

எங்க ரூம்ல அந்த ஆள் கிடைச்சார். பக்கத்து போர்ஷன் தேர்ட் இயர் அண்ணன். அவரும் தமிழ் மீடியம்தான். ஒரு நோட்டுல இடப்பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலப்பக்கம் தமிழ் வார்த்தை எழுத வெச்சார். அப்புறம் "நீ எனக்கு நடத்துடா"ன்னு இவன் கையில பேனாவைக் கொடுத்துட்டு உட்கார்ந்துட்டார். பாயில நாங்களும் ஆஜர். அடுத்த செமஸ்டர்ல அரியர் காலி. ஐகன் வேல்யூ எனக்குப் புரிஞ்சதே இவன் நடத்தினப்பதான்!

எல்லா ரூமுக்கும் ஒரு அண்ணன் கிடைக்க மாட்டார். அதனால ஹெச்.ஓ.டி.க்களே, வாரத்துக்கு ஒரு சாயங்காலம், ஃபேன் ஓடற ஒரு க்ளாஸ் ரூம் கொடுங்க. சொல்லித்தர்ற சீனியருக்கு ஒரு சர்ட்டிஃபிகேட், டீ செலவுக்குக் கொஞ்சம் காசு. நோட்டீஸ் போர்டுல பேர் போட்டே ஆகணும்னா, தாராளமா போடுங்க. பசங்க பேரை இல்லை... பேப்பர் பேரை!