நிழலில் இருந்தவரின் சீட்டு

கேளிக்கைப் பூங்காக்களின் பிரவேசக் கட்டணம் உயர்வது இயல்பே என்றும், கட்டுப்படியாகாதவர் வீட்டிலிருக்கலாம் என்றும் நண்பரொருவர் வாதித்திருக்கிறார். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350ஐக் கடந்தபோது, இறக்குமதி இயந்திரங்களை நம்பிய தொழில்களுக்குச் செலவு பெருகிற்று என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அச்செலவை யார் தலையில் எவ்விதம் ஏற்றுவது என்பது வேறு பிரச்சினை, முன்னதை நிரூபித்துவிட்டுப் பின்னதையும் நிரூபித்ததாக நண்பர் பாவனை செய்கிறார்.

1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது வாயிலுக்கொரு கட்டணமும் சவாரிகளுக்குத் தனித்தனிக் கட்டணமும் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு என்ற ஏற்பாடு 1982இல்தான் அம்முறையை அகற்றிற்று. அந்த ஒரே சீட்டை நம்மவர் குடும்பமொன்றுக்குப் பொருத்திப் பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து ஹயஸ் வானொன்றை வாடகைக்குப் பிடித்து, அம்மம்மாவையும் கட்டுச்சோற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்படும் குடும்பத்தில், நீர்ச்சறுக்கில் இறங்குபவர் இருவரென்றால் மரநிழல் தேடி அமர்பவர் நால்வர். ஒரே சீட்டோ அந்த நால்வரிடமும் ஏறாத சவாரிக்குக் கூலி வாங்குகிறது. (கட்டுச்சோற்றையும் வாயிலில் தடுத்தால் அம்மம்மா சொல்லும் அபிப்பிராயம் அச்சுக்கு உகந்ததன்று.)

இயக்கச்சியில் றீச்சா பண்ணை என்னும் கேளிக்கைத் தலம் எழுந்ததால், கொழும்புவரை பிரயாணம் செய்யாமலே பிள்ளைகளுக்கு ஒருநாள் விநோதம் காட்டும் வாய்ப்பு வன்னி மக்களுக்குக் கிடைத்திருப்பது நல்லதே. அங்காயினும் வேறெங்காயினும், விலை நியாயமென்று நிறுவ விரும்பும் நண்பர் இயந்திரத்தின் கிரயத்தை விடுத்து, நிழலில் இருந்தவரிடம் எதற்காகப் பணம் வாங்கப்பட்டது என்பதை விளக்கட்டும்.