கண்ணில்லாத பரீட்சகர்

கத்திவாக்கத்தில் ரயிலேறிச் சென்னைக்கு வந்து போகிற குடும்பங்களுக்கு, பெரிய ஸ்டேஷன்களில் பல வருஷ காலம் நின்ற எடை யந்திரத்தை நாம் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஏறி நின்று காசு போட்டால், எடையையும் எதிர்காலத்தையும் அச்சிட்ட சிறு அட்டை ஒன்று வந்து விழும். நம்மில் பலர் எடையை விட்டுவிட்டு ஜோசியத்தையே முதலில் படித்தோம்.

அந்த யந்திரத்துக்குக் கண் கிடையாது. அப்படியிருக்க, செல்லும் காசு எது, செல்லாக் காசு எது என்று அது எவ்வாறு அறிந்தது?

பிரச்னை புதிதன்று. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் அலெக்ஸாந்திரியா நகரத்து ஹீரோ என்பவர், கோயிலில் தீர்த்தம் வழங்கும் கருவி ஒன்றை விவரித்திருக்கிறார். விழுந்த காசு ஒரு தட்டை அழுத்தும். தட்டுத் தாழ, மறுமுனை உயர்ந்து அடைப்பைத் திறக்கும். காசு சரிந்து விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். எடை ஒன்றே அங்கே சோதனை. ஈயத் துண்டைப் போட்டவருக்கும் தீர்த்தம் கிடைத்திருக்கும்!

பிற்கால யந்திரங்கள் அவ்வளவு எளிதில் ஏமாறவில்லை. காசு நுழையும் வாயே முதற் சோதனை. பெரிய காசு உள்ளே போகாது. அடுத்தது ஒரு தொட்டில். சிறிய காசு அதில் நிற்காமல் நழுவித் திரும்பிவிடும், லேசான காசுக்குத் தொட்டில் சாயாது. மூன்றாவது காந்தம். இரும்பு வில்லையை அது பிடித்து நிறுத்தும். செம்பு போன்ற உலோகத்திலோ சுழல் மின்னோட்டத்தை எழுப்பி வேகத்தைக் குறைத்து, வேறு வழியில் விழச் செய்யும். இக்காலக் கருவிகளில், காசு கம்பிச் சுருள்களைக் கடந்து உருளும்போது மின்சாரத்தில் உண்டாகும் மாறுதலைக் கொண்டே உலோகமும் அளவும் கணிக்கப்படுகின்றன.

ஆக, யந்திரம் சிங்க முத்திரையைப் பார்ப்பதில்லை, எழுத்தையும் படிப்பதில்லை. விட்டம், தடிப்பு, எடை, உலோகம் ஆகிய இவையே அதற்குக் காசு.

இங்கேதான் நம் ரூபாய் சங்கடம் விளைவிக்கிறது. 1991 வரை ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டாத செம்பு-நிக்கல் கலவையால் ஆனது. 1992 முதல் காந்தத்தில் ஒட்டும் துருவேறா எஃகு. போலியைப் பிடிக்க வைத்த காந்தம் சர்க்கார் காசையே பிடித்துக்கொள்ளும்! 1992-ஆம் வருஷத்து ஒரு ரூபாயின் விட்டம் 25 மி.மீ., எடை 4.85 கிராம். 2011-ல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் 22 மி.மீ. ஆகச் சுருங்கிற்று, இரண்டு ரூபாயோ அதே 25 மி.மீ., அதே 4.85 கிராம், அதே எஃகு! பழைய ஒன்றும் புதிய இரண்டும் யந்திரத்துக்கு ஒன்றே.

யந்திரம் ஏமாந்தால் நஷ்டம் ஒரு ரூபாய்தான். ஆனால் கடையில் மீதிச் சில்லறையை விரல் நுனியால் எண்ணி வாங்கும் பார்வையற்ற சகோதரர் நிலை என்ன? அவருக்கும் அளவும் எடையுமே காசின் முகவரி. 2019-ல் வெளியான வரிசை, அவர்கள் எளிதில் அறியுமாறு, மதிப்பு உயர உயர எடையும் உயரும்படி அமைக்கப்பட்டது. அதில் ஒரு ரூபாய் 20 மி.மீ.; இரண்டு ரூபாய் 23 மி.மீ. இதை மனமார வரவேற்கிறோம். ஆயினும் பழைய வரிசைகளும் செல்லுபடியாகின்றமையால் குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இனியேனும் இந்த அளவுகளை அடிக்கடி மாற்றாதிருக்க வேண்டும். காசின் மேல் பொறித்த எழுத்து மட்டுமன்று, காசின் உருவமும் அரசாங்கம் குடிகளுக்குக் கொடுக்கும் வாக்குறுதியே.