வழங்கியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

இந்தியப் பல்கலைக்கழகத் துறைகள் பலவற்றில் ஒரு லினக்ஸ் வழங்கி உண்டு. அதற்கென ஒரு நிர்வாகி இல்லை. கட்டளை வரியோடு ஓரளவு பழக்கமுள்ள முனைவர் பட்ட மாணவர் ஒருவரிடம் ரூட் கடவுச்சொல் வந்து சேர்கிறது. அவர் பட்டம் பெற்றுச் செல்லும்போது அது அடுத்தவருக்குக் கைமாறுகிறது. இப்படிப்பட்ட வழங்கியில் ஒருநாள் கோப்பு முறைமைப் பிழை தென்பட்டால், எல்லோரிடமிருந்தும் எழும் கேள்வி ஒன்றே: "சர்வரை நிறுத்தாமல் சரிசெய்ய முடியாதா?" ஆய்வுத் தரவுகளுக்கு வட்டின் பழுதைவிட இக்கேள்வி விளைவிக்கும் ஆபத்தே பெரிது.

எஃப்எஸ்சிகே என்னும் பழுதுநீக்கும் நிரல் வட்டில் உள்ள தொகுதிகளை நேரடியாகத் திருத்துகிறது. அதே வேளையில் கெர்னல், கோப்பு முறைமையின் அமைப்பு விவரங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அவற்றையே உண்மை என நம்பி எழுதிக்கொண்டிருக்கிறது. ஒருவர் திருத்துவதை மற்றவர் அறியாமல் இரண்டு கணக்கர்கள் ஒரே பேரேட்டைத் திருத்துவது போன்றது இது. சிறிய முரண் பெரும் சிதைவாக மாற இதுவே போதும். எனவேதான் மவுண்ட் ஆகியுள்ள எக்ஸ்ட்4 பகுதியில் பழுதுநீக்கத் தொடங்கினால் இ2எஃப்எஸ்சிகே கடுமையாக எச்சரிக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் முறைமைக்கான நிரல் வேலையைத் தொடங்கவே மறுக்கிறது. வட்டில் எதையும் எழுதாமல் சோதிக்கும் விருப்பத்தால் தீங்கில்லை. ஆயினும், மாறிக்கொண்டேயிருக்கும் முறைமையில் அது காட்டும் பிழைகள் உண்மையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

ஓடும் நிலையிலேயே சோதிக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. 2003இல் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 5.0இல், மெக்கூசிக் உருவாக்கிய பின்னணி எஃப்எஸ்சிகே இடம்பெற்றது. திடீர் நிறுத்தத்துக்குப் பின் விடுபட்ட இடங்களை மீட்பது மட்டுமே அதன் பணி; வேறுவகைச் சிதைவுகளுக்குப் பழைய முறையே தேவைப்பட்டது. இசட்எஃப்எஸ் ஓடிக்கொண்டே சரிபார்ப்புத் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்கும். பிழையற்ற இன்னொரு நகல் இருந்தால் திருத்தவும் செய்யும். எல்விஎம் மீதுள்ள எக்ஸ்ட்4 முறைமையை ஒரு நிழற்படியில் சோதிக்கலாம். ஆனால் பிழை உறுதியானால், மூலப் பகுதியை அன்மவுண்ட் செய்தே திருத்தியாக வேண்டும். பெரும்பாலான துறைகளில் உள்ள வழங்கிகளைப் பொறுத்தவரை, ஓடும்போது நோயறியலாம். சிகிச்சைக்கு நிறுத்தத்தான் வேண்டும்.

ஆகவே முதற்பணி எழுதுதலை நிறுத்துவதே. பயனர்களுக்கு அறிவித்து, பகுதியைப் பிடித்திருக்கும் செயல்களை எல்எஸ்ஓஎஃப் மூலம் கண்டறிந்து முடித்து, அன்மவுண்ட் செய்ய வேண்டும். ரூட் பகுதியாயின் மீட்பு ஊடகத்திலிருந்து தொடங்க வேண்டும். பிழை கண்டவுடன் கெர்னல் தானாகவே பகுதியைப் படிப்பதற்கு மட்டும் என மாற்றியிருந்தால், அதைப் பழுதெனக் கருதி மீண்டும் எழுதத்தக்கதாக்குவது பலர் செய்யும் தவறு. அது பாதுகாப்பு ஏற்பாடு. வட்டே சாகும் நிலையில் இருந்தால், டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுத்து, அந்த நகலிலேயே பழுதுநீக்க வேண்டும்.

இன்னொன்றும் மறக்கத்தகாதது. எஃப்எஸ்சிகே காப்பது முறைமையின் ஒழுங்கை. கோப்புகளின் உள்ளடக்கத்தை அன்று. எல்லாக் கேள்விகளுக்கும் 'ஆம்' என்று விடையளித்தபின் முறைமை தூய்மையாகத் தோன்றலாம். ஒருவரின் நான்காண்டுத் தரவு லாஸ்ட்+ஃபவுண்டில் பெயரற்ற எண்களாகக் கிடக்கலாம்.

இவையெல்லாம் கையேடுகளில் உள்ளவையே. சிக்கல் அறிவில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. நிறுத்த வேண்டும் என்று அறிந்த மாணவருக்கு நிறுத்தும் உரிமை இல்லை; உரிமை உள்ள பேராசிரியருக்கு அதன் தேவை தெரிவதில்லை. மூன்று வாரக் கணிப்பு ஓடுகிறது, கட்டுரைக்கான கெடு நெருங்குகிறது என்ற அழுத்தத்தில், மாணவர் அபாயமான குறுவழியைத் தேடுகிறார். தரவு அழிந்தால் பழியும் அவர்மீதே விழுகிறது.

நிறுத்தினால் ஆய்வு தடைபடும் என்ற வாதம் பொய்யன்று. ஆனால் சில மணிநேர நிறுத்தம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இழப்பு. சிதைந்த கோப்பிலிருந்து பெற்ற முடிவு ஆய்வேட்டுக்குள் புகுந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஒரு மறுதொடக்கத்தைத் தாங்காத மூன்று வாரக் கணிப்பில், இடைநிலையை அவ்வப்போது சேமிக்காத நிரலுக்கும் பொறுப்பு உண்டு.

துறைகள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. கோப்பு முறைமைப் பிழை தென்பட்டால், ரூட் பொறுப்பாளர் யாரையும் கேளாமல் வழங்கியை நிறுத்தலாம் என எழுத்தில் விதி வகுக்க வேண்டும். மாதம் ஒருமுறை பராமரிப்பு நேரத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். காப்புநகல் வேறொரு கணினியில் இருக்க வேண்டும். அதிலிருந்து மீட்டெடுத்தும் பார்க்க வேண்டும். ரெய்டு காப்புநகல் ஆகாது. சிதைவையும் அது உண்மையாகவே பிரதியெடுக்கும். நிதி முன்மொழிவுகளில் இரண்டாவது சேமிப்பகத்துக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காத துறை, பொறுப்பை ஒப்படைக்கவில்லை. பழியை மட்டுமே ஒப்படைத்திருக்கிறது.